நீண்ட மோதிர விரல்

மருத்துவமனையிலிருந்து வந்த என் கணவன் எக்ஹார்ட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேசைமேல் வலது கையை விரித்து வைத்து, "பாரு ரோஸ்விதா, ஆள்காட்டி விரலவிட மோதிர விரல் எவ்ளோ நீளம்!" என்றான். பரிசு விழுந்தவன் மாதிரி முகம்.

குடியை விட்டவர்களை வைத்து அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. தாய் வயிற்றிலேயே ஆண் ஹார்மோன் கூடுதலாகப் பட்டவர்களுக்கு மோதிர விரல் நீண்டிருக்குமாம். அவர்கள் குடியில் சிக்குவது கொஞ்சம் அதிகமா என்று பார்க்கிறார்களாம். நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், ஒருவர் விரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள். அது மட்டும் இவன் காதில் சரியாக ஏறவில்லை.

"அப்போ குடிச்சதெல்லாம் விரலு. வாந்தி தொடச்சது மட்டும் நானா?" என்றேன்.

சிரித்தான். பிறகு கையை மடக்கிக்கொண்டு, "தப்பிக்கப் பாக்கல. வென்ட்ஸலும் என்கூடத்தான் குடிச்சான். ரெண்டு குவளையோட எழுந்து வீட்டுக்குப் போயிடுவான். என்னால மட்டும் ஏன் முடியல?" என்றான். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாமா?" என்று கேட்டான்.

மலை என்றால் அங்கே லிண்டன் மரத்தடியில் மேசை போட்டு பீர் பரிமாறும் தோட்டம், அங்கே அவன் நண்பர்களின் மேசை. குடியை விட்ட மூன்று வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. அந்த மேசை இல்லாமல் அவன் வாடிப்போயிருந்தான். அதே மேசை அவனை மறுபடி விழுங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். இருந்தாலும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கண்டதும் வென்ட்ஸல் நகர்ந்து இடம் விட்டான். "டேய், எங்கடா போய்த் தொலஞ்ச? சீட்டுல உன்ன மாதிரி ஏமாற ஆளே கிடைக்கல."

கொக்கியில் தொங்கிய எக்ஹார்ட்டின் பழைய மண்குவளையில் ஆப்பிள் சாறு வந்தது. விரல் கதையைக் கேட்டதும் எல்லோரும் கையை நீட்டிவிட்டார்கள். பார்த்தால் வென்ட்ஸலின் மோதிர விரல்தான் எல்லோரையும்விட நீளம்! மேசையே குலுங்கியது. அதிகம் சிரித்தவன் என் கணவன். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சீட்டாட்டம் சூடு பிடித்தது. கண் சீட்டில் இருக்க, எக்ஹார்ட் காலிக் குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தான். பழைய கைப்பழக்கம். எங்கள் பக்கத்தில் அதற்கு 'நிரப்பு' என்று அர்த்தம். யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. புதிதாக வந்திருந்த பரிமாறும் பெண் அதை எடுத்துப் போய், நுரை வழிய பீருடன் அவன் முன்னால் வைத்தாள்.

குவளையைத் தட்டிப் பறிக்க எழுந்த என் கையை மடியில் அழுத்திக்கொண்டேன். அவன் குவளையையே பார்த்தான்.

குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து, குவளையின் வாயை மூடினான். அதற்கும் எங்களிடம் அர்த்தம் உண்டு.

"ஒரு வாய்கூடக் குடிக்கல, அதுக்குள்ள போதுமா?" என்றாள் அந்தப் பெண்.

"போதும்மா. இந்த ஜென்மத்துக்குப் போதும்."

"உன் ஆட்டம்டா, சீட்டப் போடு," என்றான் வென்ட்ஸல்.

இடது கையில் சீட்டுகளை விரித்துப் பிடித்துக்கொண்டான். வலது கை அட்டைமேலேயே இருந்தது. அடியிலிருந்து நுரை அட்டையை நனைத்துக்கொண்டு மேலே வந்தது. அவன் மோதிரம் ஈரத்தில் மின்னியது. கையை அவன் எடுக்கவில்லை.