விருந்தாளி தங்கிய இடம்

தோல் பைகள் செய்யும் அந்தப் பட்டறைக்குப் புது மடிக்கணினி வந்ததிலிருந்து முதலாளியின் நடையே மாறிப்போயிற்று. பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல அதை இரு கையாலும் ஏந்தி, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

"பழைய கம்ப்யூட்டர் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. எல்லாம் நம்ம மாப்பிள்ளை வேலை!"

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை புருஷன். தோல் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருள், பழைய காலத்து இயங்குதளம் ஒன்றில்தான் ஓடும். புதுக் கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை உருவாக்கி, அந்தக் கிழ இயங்குதளத்தை அதில் விருந்தாளியாகக் குடிவைத்துவிட்டாராம் மாப்பிள்ளை. பேர் விர்ச்சுவல் மெஷின். பழைய பெட்டியைக் காயலான் கடைக்கும் அனுப்பியாயிற்றாம். இந்தச் சாதனைக்காக அடுத்த மாதத்திலிருந்து அவர்தான் மேனேஜர். இத்தனை வருஷமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பைகளுக்கு வெட்டு வரைபடம் போட்ட முதலாளியின் மனைவி, இனி வீட்டில் ஓய்வெடுக்கலாம்.

அவள் ஓய்வு கேட்கவில்லை. அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

முதல் நாள் மாலை மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்றபோது திரையில் பார்த்திருந்தாள்: இந்த வகைச் சிப்பில் இந்த விருந்தாளி இயங்காது என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கை. அவர் பட்டென்று மூடியைச் சாத்திவிட்டார். மறுநாள் காலையில் எல்லாம் ஜோராக ஓடியது. விடிவதற்குள் சிப்புக்கு மனசு இளகிவிட்டதா?

"ஏன் தம்பி, நேத்து முடியாதுன்னுச்சே?"

"அது கம்பாட்டிபிலிட்டி இஷ்யூக்கா. சரி பண்ணிட்டேன்."

"எப்படி?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா."

"புரியாட்டிப் போகுது. சொல்லுங்களேன்."

அவருக்கு அப்போது பார்த்து ஃபோன் வந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

வெட்டும் இயந்திரத்தின் வயர் மடிக்கணினிக்குப் போகவில்லை, சுவரைத் துளைத்துக்கொண்டு சரக்கறைக்குள் போயிற்று. கேட்டதற்கு, "அது எர்த்" என்றார். சரக்கறைச் சாவியும் இப்போது அவர் சட்டைப்பையில். தோலுக்குக் காற்று ஆகாதாம்!

மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. மொத்த வியாபாரி ஒருவர் மடிக்கணினியைப் பார்க்க வந்திருந்த நேரத்தில், சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தாள். தோல் சுருள்களுக்குப் பின்னால், கோணிப்பைக்கு அடியில், காயலான் கடைக்குப் போன பெட்டி ஆஸ்துமாக்காரன்போல இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. வேலையெல்லாம் இதில்தான் ஓடியது; மடிக்கணினியில் தெரிந்தது இதன் திரையின் பிம்பம் மட்டும்தான். பக்கத்தில் பழைய மௌஸ். பிடித்து வட்டமாகச் சுற்றினாள்.

வெளியே வியாபாரியின் குரல்: "என்னங்க, அம்புக்குறி தானா ஆடுது?"

"அது... விருந்தாளி உற்சாகமா இருக்காரு!" என்றார் முதலாளி.

வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார் மாப்பிள்ளை.

"வாங்க தம்பி. விருந்தாளி இங்கேதான் தங்கியிருக்காரு போல?"

"அக்கா, கத்தாதீங்க. அந்த சிப்புல அது ஓடவே ஓடாது. வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. மச்சான் அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

பின்னாலேயே வந்து நின்ற முதலாளி பெட்டியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"வெளிய சொல்லிடாதே. மானம் போயிடும்" என்றார் மனைவியிடம்.

"நான் ஏன் சொல்றேன்? நாற்காலி என்னோடது. சாவியும் என்கிட்டதான்."

"அப்போ மாப்பிள்ளை?"

"தோல் சுருள் தூக்க ஆள் வேணும்."

மாப்பிள்ளை தலையாட்டினார். முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வியாபாரியிடம் போனார்.

"மாப்பிள்ளையை இன்னையிலேருந்து ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாத்திட்டேன்."

"அப்படியா! அது எங்க இருக்கு?"

"உள்ளதான். வெளியாளுங்களுக்கு அனுமதி கிடையாது."