எண்ணெய்க்குள் பொறிகள்

பெரியவளின் செயற்கைக் கால், சின்னவளின் பட்டறை மேசையில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் முழங்கால் மூட்டில் திருகாணி ஒன்று முறிந்து, பாதி உள்ளேயே குந்திக்கொண்டது. மூட்டு கெட்டால் வேறு மூட்டு வர ஆறு மாதமாகும். பெரியவளோ விபத்துக்குப் பிறகு முதன்முதலாக நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போக வேண்டியவள்.

"நிதானமா பண்ணுடி. காலைக் கழட்டிக் குடுத்துட்டு நான் எங்க ஓடப்போறேன்?" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, "எவ்வளவு நேரமாகும்?"

"நாலு மணி நேரம்."

"பல்லு புடுங்கவே அஞ்சு நிமிஷம்தானே."

"பல்லு போனா ஈறு நிக்கும்க்கா. இதுல அவசரப்பட்டா ஈறும் சேந்து உருகிடும்."

மூட்டைத் தனியே கழற்றி எண்ணெய்த் தொட்டியில் மூழ்க வைத்தாள் சின்னவள். திருகாணியைவிட மெல்லிய, மின்சாரம் பாயும் செம்புக் குச்சி இயந்திரத்திலிருந்து இறங்கியது. தொட்டால் பொறி இல்லை, விலகினாலும் இல்லை. நடுவில் மயிரிழை இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டும்போதெல்லாம் திருகாணியில் ஒரு துளி உருகி, தூளாகி, எண்ணெயோடு போகும்.

நீலப் பொறிகள் சன்னமாக மழைபோல் பெய்தன. மதிய வெயில் எண்ணெயில் பட்டுக் கூரையெல்லாம் அலையாடியது. அக்காளும் தானும் ஏதோ குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதாகச் சின்னவளுக்குத் தோன்றியது.

ஆனால் பாருங்கள், பெரியவளின் பெருமூச்சு அந்தக் குளத்திலும் கேட்டது. சின்னவளின் கை தானாக நீண்டது. மின்சாரத்தைக் கூட்டினாள். ஒவ்வொரு பொறியையும் நீட்டினாள். இரண்டு பொறிகளுக்கு நடுவே இருந்த ஓய்வைக் குறைத்தாள். நீலம் மஞ்சளானது. ஓசை தடித்தது. எண்ணெயில் கறுப்பாக ஏதோ சுருண்டு எழும்பியது.

சட்டென்று நிறுத்தி மூட்டைத் தூக்கிப் பார்த்தாள். துளையின் ஓரத்தில் கடுகளவு கருகல். உள்ளே திருகாணி பற்றும் மறைகள் பிழைத்திருந்தன, நூலிழையில்.

எல்லாவற்றையும் பழைய அளவுக்கு இறக்கி, ஓய்வை இன்னும் கூட்டினாள். எண்ணெய்க் குழாயைத் துளைக்கு நேரே திருப்பினாள். தூளும் சூடும் சேர்ந்து அலசிப் போகட்டும்.

"என்னடி, திரும்பவும் மெதுவாயிடுச்சு?"

"ஒரு பொறியால ஒண்ணும் ஆகாதுக்கா. ஆற விடாம அடுத்தது வந்தாதான் சூடு தங்கிடும்."

பெரியவள் மேசையில் கிடந்த காலைப் பார்த்தாள். "டாக்டரும் இதையேதான் சொன்னார், ஆற விட்டு ஆற விட்டு நடன்னு. அவரோட சண்டை போட்டேன்."

"தெரியும். வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

பெரியவள் சிரித்தாள். சிரித்தபடியே நாற்காலியில் கண்ணயர்ந்தாள். நீல மழை பெய்துகொண்டே இருந்தது.

வெயில் சாயும்போது திருகாணியின் மிச்சம் மெல்லிய ஓடாகக் கழன்று விழுந்தது. சின்னவள் மூட்டைத் துடைத்துத் தூங்குகிறவளின் உள்ளங்கையில் வைத்தாள். பெரியவள் கண் விழித்தாள்.

"சுடுதா?"

"தலைக்குக் குளிச்ச குழந்தை மாதிரி இருக்கு."

புதுத் திருகாணி விரலாலேயே வழுக்கி இறங்கியது. காலை மாட்டிக்கொண்டு பெரியவள் தொட்டியை ஒரு சுற்று வந்தாள். பிறகு குனிந்து முழங்காலைப் பார்த்தாள்.

"மச்சம் ஒண்ணு வந்திருக்கே."

"அது என் அவசரம்க்கா."

"போடி, என்னோடது," என்றவள், இரண்டாம் சுற்றை மெதுவாக நடந்தாள்.