முள்ளன் மீனில் சேர்த்தியா?

எங்கள் ஏரி குளிர்காலத்தில் உறைந்ததும், மீன் பிடிக்கப் பனியைத் துளைத்து ஒருவர் போட்ட குழியில் இன்னொருவர் தூண்டில் விடுவதில்லை. எழுதி வைத்த சட்டமெல்லாம் கிடையாது. பனி உறைந்த நாளிலிருந்து உருகும் வரை, குழி போட்டவருக்கே குழி சொந்தம். பக்கத்தில் இருப்பவர் நாள் முழுக்க வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால் ரொட்டி கொடுப்போம், உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் நறுக்கிக் கொடுப்போம், வீட்டுச் சாராயம் ஒரு மடக்கு கொடுப்போம். குழியை மட்டும் கொடுக்க மாட்டோம். அது வீட்டு மனிதர்களுக்கு. கட்டிக்கொள்ளாத ஆணும் பெண்ணும் ஒரே குழியில் தூண்டில் விட்டு உட்கார்ந்தால், பாதிரியார் கோயிலில் அறிவிக்கும் வரை ஊர் காத்திருக்காது. அன்று மாலையே கல்யாண கேக்குக்கு முட்டை சேர்க்க ஆரம்பித்துவிடும்.

இது தெரியாமல்தான் இல்மார்ஸ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் கால்நடை மருத்துவர். கடற்கரைப் பக்கத்து ஆள். எங்கள் டாக்டர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டதால், அவர் இடத்தில் ஈஸ்டர் வரைக்கும் என்று ஆகஸ்டில் வந்தார். நான் தெக்லா. பள்ளிக்கூடத்தில் சமையல். என் கணவர் பெத்ரிஸ் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு என் குழியில் நான் மட்டும்தான்.

இந்தப் புது டாக்டர் மீன் பிடிப்பதை முதலில் பார்த்தது செப்டம்பரில். நானும் என் நாத்தனார் கெனோவெஃபாவும் படகுத்துறையில் கந்தல் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தோம். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று நீளமான கோலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். தூண்டில் நரம்பு தலைக்கு மேலே வட்டம் வட்டமாய்ச் சுற்றியது. நுனியில் புழுவும் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. இறகில் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி.

"அண்ணி, டாக்டர் கொசு ஓட்டறாரு பாருங்க" என்றாள் கெனோவெஃபா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கோல் வளைந்தது. முழங்கை நீளத்துக்கு வெள்ளி மின்ன ஒரு மீன். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். அவர் கையை நனைத்துக்கொண்டு அதைப் பூப்போலப் பிடித்தார், வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தார், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர்! பல்லைப் பாத்துட்டு அனுப்பிட்டீங்களே, ஊசி போடலையா?" என்று கத்தினேன்.

"நல்ல ஆரோக்கியமா இருக்கும்மா. அடுத்த வருஷம் திரும்ப வரச் சொல்லியிருக்கேன்" என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

சாப்பிடுகிற பொருளோடு விளையாடுகிற மனிதர் என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு சாயங்காலங்களில் பாத்திரம் கழுவும்போது என் கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. அந்த நரம்பு காற்றில் நீண்டு, சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்குவது பார்க்க அழகாகத்தான் இருந்தது. கெனோவெஃபாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் காலை பால்காரர் என்னிடம் விசாரித்திருப்பார்.

ஜனவரியில் ஏரி நன்றாக உறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே உட்காருகிற மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிமேல் இறங்கியது. என் குழியில் அன்று வரிமீன்கள் வரிசைகட்டி வந்தன. பச்சை உடம்பு, கறுப்பு வரி, சிவப்புத் துடுப்பு. ஒன்றை எடுத்துவிட்டுத் தூண்டிலைத் திரும்ப விட்டதும் அடுத்தது இழுத்தது. டாக்டர் தன் முதல் குழியைப் போட்டுவிட்டு, அந்த நீளக் கோலையே வைத்துக்கொண்டு, குழியிலிருந்து எட்ட நின்று போராடிக்கொண்டிருந்தார். ஒன்றும் கடிக்கவில்லை. மெதுவாக என்னிடம் வந்தார். குனிந்து என் குழியை எட்டிப் பார்த்தார்.

"இங்கே நல்லா வருதே. கொஞ்ச நேரம் உங்க குழியிலே என்னோடதையும் விட்டுப் பார்க்கட்டுமா?"

ஏரி முழுவதும் பேச்சு நின்றது. குழியில் பனிச்சில் அள்ள கெனோவெஃபா கையில் வைத்திருந்த அரிகரண்டி பனிமேல் விழுந்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு! எதிர்க்கரையில் நாய்கள் குரைத்தன.

"டாக்டரே, பொண்ணு கேக்கறவன் ஒரு பாட்டிலாவது கொண்டு வரணும்யா!" என்று கத்தினார் யாஸெப்ஸ் அண்ணன். கோயிலில் மணி அடிப்பவர். ஏரியில் நடக்கும் எல்லா வழக்குக்கும் தானாகவே நீதிபதி ஆகிவிடுபவர்.

"அண்ணி, மாட்டேன்னு சொல்லிடாதீங்க! நம்ம பசுவுக்கு இனிமே வைத்தியச் செலவே கிடையாது!" இது என் நாத்தனார், என் கணவரின் கூடப்பிறந்தவள்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்கு முகமெல்லாம் தீயாய் எரிந்தது. எரிந்தால் என் வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இந்தப் பனி உருகறதுக்குள்ள, புழு இல்லாம, அந்தக் கோழி இறகை வச்சு, உங்க குழியிலே ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க. அப்புறம் என் குழியிலே உக்காரலாம்!"

"ஒரு மீன். எல்லாரும் கேட்டுக்கிட்டோம்" என்றார் யாஸெப்ஸ் அண்ணன்.

அன்று மாலை டாக்டர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். தான் என்ன கேட்டுவிட்டோம் என்று யாரோ விளக்கியிருக்கிறார்கள். காது இரண்டும் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு நிஜமாவே தெரியாது."

"பரவாயில்லை. வெளியூர்க்காரர்தானே."

போவார் என்று பார்த்தேன். போகவில்லை. தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"நீங்க சொன்னீங்களே ஒரு வார்த்தை. அது செல்லுமா?"

"எங்க ஏரியிலே சொன்ன வார்த்தை செல்லும்" என்றேன்.

"அப்படின்னா உங்க சேவலோட கழுத்து இறகு கொஞ்சம் வேணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க என் சேவல் பாதிக் கழுத்து மொட்டையாகத் திரிந்தது. டாக்டர் சாயங்காலங்களில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நான் பிடித்த வரிமீன்களின் வயிற்றைக் கிழித்து அவை என்ன தின்கின்றன என்று பார்ப்பார். பார்த்ததைப் போலவே இறகிலும் நூலிலும் கட்டுவார். நான் அந்த மீன்களை வெண்ணெயில் பொரிப்பேன். இரண்டு பேரும் சாப்பிடுவோம். கோலை இப்போது கையளவுக்குக் குட்டையாக்கியிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏரியில் கதை அதேதான். என் குழியில் மீன் வரும், அவர் குழியில் தண்ணீர் இருக்கும்.

யாரும் அவருக்கு உதவக் கூடாது என்று யாஸெப்ஸ் அண்ணன் தீர்ப்பு சொல்லியிருந்தார். அதனால் எல்லோரும் அறிவுரை மட்டும் சொன்னார்கள்.

"இன்னும் ஆழமா விடுங்க டாக்டர்."

"அவ்வளவு ஆழம் வேண்டாம் டாக்டர்."

"மீனுக்கு ஒரு ஊசி போட்டுத் தூங்க வச்சுடுங்க டாக்டர்!"

அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் தவக்காலம் பாதி போனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனி சாம்பல் நிறமாகிவிட்டது. கரையோரம் தண்ணீர் தேங்கி, பலகை போட்டுத்தான் பனிக்கு ஏற வேண்டியிருந்தது. பழைய டாக்டர் கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். பனியும் போய், ஈஸ்டரும் வந்தால், இல்மார்ஸ் கடற்கரைக்குப் போய்விடுவார். எனக்கு அவர் வேண்டும். இதை எனக்கு நானே ஒளிக்கவில்லை. ஆனால் ஏரி முழுக்கக் கேட்கச் சொன்ன வார்த்தையை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? "பாவம், மீன் வரலை, சும்மா வந்து உக்காருங்க" என்று நான் இரக்கம் காட்டினால் அவர்தான் உட்காருவாரா?

கடைசிப் பனி ஞாயிறு அன்று, பூசைக்கு முன்னால், ஒருவரும் இல்லாத நேரத்தில் பனிமேல் போனேன். டாக்டர் தன் குழிக்குப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு ஊசியிலைக் கிளையை நட்டிருந்தார். மேலே படிந்த மெல்லிய பனியைக் குதிகாலால் உடைத்தேன். என் டப்பாவிலிருந்த சிவப்புப் புழு அத்தனையையும் களிமண்ணில் பிசைந்து, உருண்டை உருண்டையாக அவர் குழிக்குள் போட்டேன். அவருடைய முள்ளில் புழு இருக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். ஏரியின் அடியில் இருக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்?

பூசை முடிந்தது. எல்லோரும் வந்தார்கள்.

"அண்ணி, உங்க புழு டப்பா காலியா இருக்கே?" என்றாள் கெனோவெஃபா.

"குளிர்ல செத்துப்போச்சு."

"இந்த வெயில்லயா?"

நான் நரம்பைச் சிக்கெடுக்க ஆரம்பித்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவில் பாதியை என் டப்பாவில் கொட்டினாள். நல்லவள்தான், வாய் மட்டும்தான்.

டாக்டர் புதிதாகக் கட்டிய ஒரு பூச்சியை இறக்கினார். அரிசி அளவுகூட இல்லை, சிவப்பு நூலும் என் சேவலின் இறகு ஒரு இழையும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கோலின் நுனி தலையசைத்தது. மறுபடியும் அசைத்தது. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இருக்கு! இருக்கு!"

பெட்டிகள் உருண்டன. ஆளுக்கு ஆள் ஓடினார்கள். நான் ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவர் நரம்பைக் கைக்குக் கையாக மேலே இழுத்தார். குழியிலிருந்து வெளியே வந்தது.

முள்ளன்.

விரல் நீளம். வழவழவென்று கோழை. முதுகு முள்ளை விரித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, எல்லோரையும் முறைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிச்சேற்றில் புழுவைக் கொட்டினால் முதலில் படையெடுத்து வருவது முள்ளன்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பதற்றத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இங்கே முள்ளனை யாரும் மீனில் சேர்ப்பதில்லை. எத்தனை பிடித்தாய் என்று கேட்டால் அதை விட்டுவிட்டுத்தான் எண்ணுவோம். புழுவைத் தின்று தீர்க்கும், கையைக் குத்தும், தூண்டிலை விழுங்கிவிட்டு விட மறுக்கும். அதிலும் முள்ளனை நான் திட்டுகிற திட்டு இந்த ஏரியிலேயே பேர்போனது. என் பெட்டிக்குப் பின்னால் எப்போதும் காக்கைகள் காத்திருக்கும். முள்ளன் வந்தால் அதன் குலத்தையே திட்டிவிட்டு அவற்றுக்கு வீசி எறிவேன்.

யாஸெப்ஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இது மீன் இல்லை. முள்ளன்."

"விலங்கியல்படி மீன்தான்" என்றார் டாக்டர், மெதுவாக.

"விலங்கியலெல்லாம் உங்க காலேஜோட. இது ஏரி."

"செதில் இருக்கே, வால் இருக்கே!" என்று கெனோவெஃபா சண்டைக்கு வந்தாள்.

"முள்ளனைப் போய் மீனுன்னு சொல்றதா? அப்ப நேத்து நான் வெறுங்கையோட போகலையே, முப்பது மீனோட போயிருக்கேன்!" என்றார் இன்னொருவர்.

"எதுக்குச் சண்டை? வார்த்தை தெக்லாவோடது. அவளே சொல்லட்டும்" என்றார் யாஸெப்ஸ் அண்ணன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார். உள்ளங்கையில் முள் குத்தி ரத்தம் வந்திருந்தது. என் முகத்தில் என்ன கண்டாரோ, சிரிக்க முயன்றார்.

"பரவாயில்லைங்க. உங்க ஏரி, உங்க வழக்கம். தோத்துட்டேன், ஒத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, செப்டம்பரில் செய்தது போலவே, முள்ளனைக் குழியில் விடுவதற்குக் குனிந்தார்.

"விடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் காக்கைகள் எழுந்து பறந்தன.

"அதை விட்டீங்கன்னா தெரியும் சேதி! பிடிச்ச மீனை யாராவது திரும்ப விடுவாங்களா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது யாஸெப்ஸ் அண்ணனுக்கு. "மீனா?" என்றார், தொப்பியைப் பின்னால் தள்ளி. "தெக்லா, நீயா சொல்றே? முள்ளன் எப்பலேர்ந்து மீன் ஆச்சு?"

"இன்னையிலிருந்து. மீன்தான். நல்ல மீன். அண்ணே, உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா நேரா வந்து சொல்லுங்க."

"எனக்கு எதுக்கும்மா ஆட்சேபணை? எங்கம்மா இதுலதான் சூப் வைப்பாங்க. அப்படி ஒரு ருசி!"

ஏரியில் எழுந்த கூச்சலில் பனி உடைந்துவிடுமோ என்று பயந்தேன். கெனோவெஃபா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே "பசுவுக்கு இனிமே இலவசம்" என்றாள். யாரோ சாராயத்தைத் திறந்தார்கள். டாக்டர் முள்ளனை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு என் குழிக்கு நடந்து வந்தார். எதிரே பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

"நிஜமாவா?" என்று கேட்டார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"பேசினா மீன் வராது. தூண்டிலை விடுங்க" என்றேன். எனக்குச் சந்தோஷம். மறைக்க முடியவில்லை, மறைக்கவும் இல்லை.

அவர் இறகை விட்டார். நான் புழுவை விட்டேன். உடனே என் கோலின் நுனி ஆடியது. இழுத்தேன். வந்தது இன்னொரு முள்ளன், முந்தையதைவிடச் சின்னது, என் கட்டைவிரலில் முள்ளை ஏற்றிவிட்டு முறைத்தது. வாயில் வசை வந்துவிட்டது. கை பழக்கத்தில் காக்கைகளின் பக்கம் ஓங்கியது.

ஏரி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வசையை விழுங்கிக்கொண்டு, முள்ளனை வாளியில் போட்டேன்.