கடைசி வரிசை மூலை

"அண்ணே, படம் முடிஞ்சாலும் நாங்க இங்கயே இருக்கலாமா?"

பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறுமி கேட்ட கேள்வி அது. அந்தப் புறநகருக்கு இருந்த ஒரே தியேட்டர் அப்போது கூட்டத்தில் திணறும். காட்சி முடிந்ததும், அடுத்த காட்சியை ஓசியில் பார்க்க ஒளிந்திருப்பவர்களைத் தேடிப் பிடித்து வெளியேற்றுவது டார்ச்சண்ணனின் வேலை. கடைசி வரிசை மூலையில் அந்தச் சிறுமியும், உதடு கிழிந்த அவள் அம்மாவும் ஒண்டியிருந்தார்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

டார்ச்சண்ணன் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பினார். நாற்காலிக் கையில் டார்ச்சால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தச் சத்தம் கேட்டா பயப்படாத பாப்பா. உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு அர்த்தம்."

அந்த மழைக்காலம் முழுக்க அவர் அப்படித் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு கூட்டம் கரைந்தது. கூரை ஒழுகியது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த தியேட்டரை முதலாளியின் மகன் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இன்று சாவி கைமாறுகிறது. கம்பெனியின் மேற்பார்வையாளப் பெண் குடைக்கடியில் நின்றிருந்தாள்.

"தம்பி, என் பொண்டாட்டி இடுப்பு முறிஞ்சு கிடக்கிறா. மக ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்துடுவா. அதுவரைக்கும் மட்டும்..." டார்ச்சண்ணன் முதலாளி மகனிடம் கெஞ்சினார்.

"என் கையில ஒண்ணுமில்ல டார்ச்சண்ணே. இப்பவே காலி பண்ணுங்க."

திரைக்குப் பின்னால் டார்ச்சண்ணனும் மனைவியும் குடியிருந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. வெளியே மழை கொட்டியது. போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. முதலாளி மகன் காருக்குப் போன நேரம் பார்த்து, டார்ச்சண்ணன் மனைவியைத் தூக்கிக்கொண்டு இருட்டு அரங்கத்துக்குள் நுழைந்தார். அதே மூலையில் கிடத்தினார்.

"ஆயுசு பூரா ஓசி ஆளுங்கள விரட்டின மனுஷன்," அவள் வலியோடு முனகினாள், "இப்ப டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கீங்க."

"சும்மா இருடி. சாமியக் கும்பிட்டுக்கோ."

"ஒரு சுத்து பாத்துட்டுப் பூட்டிடறேன் சார். நீங்க வண்டியிலயே இருங்க." பெண்குரல் கேட்டது. டார்ச் வெளிச்சம் வரிசை வரிசையாக ஏறி வந்தது. அவர் மனைவியை மறைத்துக்கொண்டார். கடவுளே, இவளை மழையில் போட்டுவிடாதே. அந்த நேரம் பார்த்து மனைவி இருமிவிட்டாள்.

வெளிச்சம் அவர் செருப்பைத் தொட்டு நின்றது. சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

நாற்காலிக் கையில் இரண்டு தட்டு.

அவர் எட்டிப் பார்த்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. அந்த முகத்தில் அவரும் ஒருநாளும் வெளிச்சம் அடித்ததில்லை.

"யாருமில்ல சார்!" வாசலில் அவள் சத்தமாகச் சொன்னாள். "இடிக்கிற ஆளுங்க திங்கக்கிழமைதான் வருவாங்க."

கார் போன ஓசை அடங்கியதும் அவர் பக்கக் கதவை மெல்லத் தள்ளினார். திறந்தது. வெளியே, பூட்டு ஒற்றை வளையத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.