வேலியில் ஏறிய முடக்கத்தான்

கோம்பையில் ஒரு வீட்டு வேலியில் முடக்கத்தான் படர்ந்திருந்தால், அந்த வீட்டில் யாருக்கோ முட்டி போய்விட்டது என்று தெருவே பேசிவிடும். அதனால்தான் முனீஸ்வரி தன் வீட்டில் அதை வளர்க்கவில்லை. கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் கங்காணி காமராஜ், மேடேற முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றமாட்டான். ஜீப்பில் இடம் போனால் அவள் வீட்டு அடுப்பு எரியாது.

பக்கத்து வீட்டு ஜெபஷீலாவுக்குச் சூதுவாது தெரியாது. அவளும் அதே ஜீப்பில் போகிறவள்தான், கால் இரண்டும் இரும்பு. முனீஸ்வரி முட்டி வலியில் அழுதாள் என்பதற்காகத் தன் வேலியில் விதை ஊன்றிக் கொடி ஏற்றினாள். தினமும் இலை ஆய்ந்து, ஊறவைத்த அரிசியோடு அரைத்து, தோசை மாவாகவே கொண்டுவந்து கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டே மாதத்தில் முனீஸ்வரி விறுவிறுவென்று மேடேறினாள்.

தோட்டத்தில் காய் குறைந்த மாதம் வந்தது. ஒரு ஆளைக் கழிக்கவேண்டும் என்று காமராஜ் தெருவுக்கே வந்துவிட்டான். வேலியைப் பார்த்ததும் நின்றான்.

"இங்கன யாருக்கு முட்டிக் கோளாறு?"

தோழியைக் காட்டிக்கொடுக்க ஜெபஷீலாவுக்கு மனசு வரவில்லை. பாவிமகள் முனீஸ்வரிக்கு வாய் முந்திக்கொண்டது.

"அவளுக்குத்தேண்ணே. ராத்திரியெல்லாம் வலி வலின்னு அனத்துறா. பாவம், வெளிய சொல்லாமக் கெடக்கா."

"அடிப்பாவி! பொய்யிண்ணே, வேணும்னா ஓடியே காட்டுறேன்!" ஜெபஷீலா சேலையை இழுத்துச் செருகினாள்.

"பெறகு எதுக்கு வேலை மெனக்கெட்டு இதை வளக்குற? கொடி உன் வேலியிலதான கெடக்கு?" என்று சொல்லி, அவளையே கழித்துவிட்டுக் காமராஜ் போய்விட்டான்.

அன்றோடு மாவு வருவது நின்றது. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மேடேறிய முனீஸ்வரி, பதினோராம் நாள் வெட்கத்தை விட்டு வேலியோரம் போனாள். ஜெபஷீலா கொடியை வேரோடு பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஒரு பிடி எலை குடுடி."

"ஆட்டுக்கு முட்டி வலியாம், அனத்துது. நீ போ."

"உன் கால்ல விழுறேன்டி."

"விழுந்தா எந்திரிப்பியா?"

மறுநாள் விடியலில் ஜீப் படியில் வைக்க முனீஸ்வரிக்குக் கால் எழவில்லை. இரண்டு முறை முயன்றாள். உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். காமராஜ் ஹாரனை அடித்து, "ஏ ஜெபஷீலா, ஓடிக் காட்டுறேன்னியே, நீயாச்சும் வா!" என்று கத்தினான்.

இதற்காகவே காத்திருந்தவள்போலத் தூக்குவாளியோடு வந்த ஜெபஷீலா, முனீஸ்வரியின் தோளில் கையை அழுத்தி ஊன்றி, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள்.