மூலைச் சிப்பாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. என் மகள் எழுதிய சதுரங்க புரோகிராமைக் குறை சொல்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம்.

முப்பத்திரண்டு வருடம் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். ஒரு நிமிடம் பிந்தினாலும் விடமாட்டேன் என்று ஓட்டுநர்கள் எனக்கு ‘முள்ளு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சதுரங்க மன்றத்திலும் அதே பெயர்தான்; என் எதிரே உட்காருகிறவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

மனைவி போன பிறகு வீட்டில் நானும் மகளும்தான். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருவாள், சாப்பிடுவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எதைப் பேசத் தொடங்கினாலும் அது அவள் அம்மாவிடம் போய் நின்றது. அதனால் இரண்டு பேரும் பேச்சையே குறைத்துக்கொண்டோம். ஒருநாள் அவளே மடிக்கணினியோடு கூடத்துக்கு வந்தாள்.

“அப்பா, இதுகூட கொஞ்ச நாள் ஆடிப் பாரேன். எங்க சொதப்புதுன்னு எனக்குத் தெரியணும்.”

நாலு நாள் என்னை அடித்துத் துவைத்துக் காயப்போட்டது. ஐந்தாம் நாள் பிடித்துவிட்டேன். அதற்குப் பேராசை. மூலையோரத்துச் சிப்பாயைக் காவலில்லாமல் விட்டால், மந்திரியை, அதாவது பிஷப்பை, அனுப்பி வெட்டும். நான் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவேன். மந்திரி திரும்பிப் போகும் வழி அடைந்துவிடும். அப்புறம் அவசரமே இல்லாமல் ராஜாவை நடத்திக்கொண்டு வந்து அதைப் பிடிக்கலாம். பத்து நகர்வு தள்ளி நிற்கும் சாவு அதன் கண்ணுக்கு எட்டவில்லை. மனிதன் ஒருமுறை சூடுபட்டால் கையை இழுத்துக்கொள்வான். இது மறுநாளும் அதே சிப்பாயைத் தின்ன வந்தது.

“எப்படிப்பா ஜெயிச்சே?” என்றாள். அவளுக்குக் காய்கள் நகரும் விதம் தெரியும், கணக்கு தெரியும். ஆட்டத்தின் நெளிவு சுளிவு தெரியாது. அதற்குத்தான் நான்.

“குதிரையை சரியா கையாளத் தெரியல அதுக்கு” என்றேன்.

பொய். கூசாமல் சொன்ன பொய். ஏன் என்றால், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலை மடக்கி, முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். ஓட்டையைச் சொன்னால் ஒரே நாளில் அடைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். மறுபடி அந்தச் சாத்திய கதவை என்னால் பார்க்க முடியாது. அவள் ஆறு வாரம் குதிரையைத் திருத்தினாள். நான் மூலைச் சிப்பாயைக் கொடுத்து ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அவர்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் நாள் குறித்தார். மன்றத்து ஆட்டக்காரர் ஒருவரோடு மூன்று ஆட்டம். மூன்றிலும் புரோகிராம் தோற்றால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள், மூன்று வருட உழைப்பு போச்சு. ஆடப்போகிறவர் எங்கள் மன்றத்துப் பல் டாக்டர் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி. சிப்பாயை விட்டுக்கொடுக்கும் தைரியம் அந்த மனிதருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று நினைத்தேன்.

ஒன்றை மறந்திருந்தேன். நல்ல ஆட்டம் ஆடினவர், ஒரு நகர்வு விடாமல் அதை மன்றத்துப் பெரிய நோட்டில் தன் கையாலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். புரோகிராமை ஜெயித்த ஆட்டங்களில் மிக அழகான ஒன்றை, மகளின் புரோகிராமோடு ஆடியது என்று தலைப்புப் போட்டே நான் எழுதியிருந்தேன். பெருமை தாங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

முதல் ஆட்டம். பன்னிரண்டாவது நகர்வில் பல் டாக்டர் மூலைச் சிப்பாயை அம்போ என்று விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மந்திரி போனது. வெட்டியது. என் மகள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எத்தனை முறை பார்த்த காட்சி! மீதி இரண்டு ஆட்டமும் அப்படியே முடிந்தன.

வெளியே வந்ததும் பல் டாக்டர் அவள் எதிரிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எல்லாம் நம்ம முள்ளு சார் சொத்து! நோட்டுல தேதிகூட போட்டிருந்தீங்களே சார், ரெண்டு மாசம் முன்னாடி.”

அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எழுதிவைப்பதே மற்றவர் படிக்கத்தானே.

திட்டத்தை மூடினார்கள். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புறப்படும் நாள், பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்ப்பா சொல்லல?”

வயசான மனுஷன் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. உள்ளதைச் சொன்னேன். “சொன்னா நீ சரி பண்ணிட்டு உன் ரூமுக்குப் போயிடுவே பாப்பா. நீ பக்கத்துல உக்காந்திருக்கணும்னு இருந்துச்சு.”

அவள் கை நின்றது. கையிலிருந்த சட்டையை மடிக்காமலே பெட்டியில் போட்டாள்.

“ஆடின ஆட்டத்தையெல்லாம் அது தானாவே பதிஞ்சு வெச்சுக்கும்ப்பா. நான் உக்காந்து பாக்கணும்னு அவசியமே இல்ல. காலைல லேப்ல போய் ஒண்ணொண்ணா பாத்திருக்கலாம். நீ குதிரைன்னு சொன்னே. அதனால ஒண்ணைக்கூட நான் திறந்து பாக்கல.”

அப்படியென்றால் தினமும் ஒரு மணி நேரம் எதற்காக உட்கார்ந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. தெரிந்தபோது அழுதேன்.

தெருவில் வண்டி வந்து நின்றது. பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். “வேண்டாம்ப்பா” என்று அவளே தூக்கிக்கொண்டு போனாள்.