முதுகில் தெரிந்த தாளம்

எட்டு வயதில் வந்த காய்ச்சலில் கேரலுக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. உண்மையைச் சொன்னால், பேச்சு கொஞ்சம் அதிகம்தான். எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு வெளுத்துக் கட்டுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி ஸ்வர்ணாவுடையது. அதனால் நீலுடனான தன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை அவளிடம்தான் முதலில் கொட்டித் தீர்த்தாள்.

"நீல் என் தோளை அமுக்கி அமுக்கித் தாளம் சொன்னான். அப்பயும் காலைத் தப்பா வெச்சேன். எங்க ஆளுங்க விசேஷத்துல, ஜோடி ஒரு சுத்து வால்ட்ஸ் டான்ஸ் ஆடினா எல்லாரும் வந்து சேந்துக்குவாங்க. அன்னிக்கு ஒருத்தர்கூட வரல. சுத்தி நின்னு பாவம்னு கைதட்டறாங்க. எனக்குக் கைதட்டல் வேணாம்டி. கல்யாணத்தன்னிக்கு அவங்க ஆட வரணும்."

யாராவது குறையைச் சொன்னால் ஸ்வர்ணாவுக்குக் கை பரபரக்கும். சனி ஞாயிறு வந்தால் அவளை அடுகோடி ஏரியாவில் ஒரு தையல் கடை மாடியில்தான் பிடிக்க வேண்டும். நரேஷ், மகா, ஹரிஷ் என்று அவளைப் போன்ற கிறுக்குகள் அங்கே கூடித் துணியில் விளக்கும் மோட்டாரும் வைத்துத் தைப்பார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பது அதற்குக் கௌரவமான பெயர். ஹரிஷ் அதை அன்னதானம் என்பான்.

கேரலின் கவுனுக்கு ஸ்வர்ணா ஓர் இடுப்புப் பட்டி தைத்தாள். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது தாளத்தைக் கேட்டு ரேடியோவில் அனுப்ப, பட்டிக்குள் இருக்கும் மோட்டார்கள் இடுப்பில் தட்டும். வால்ட்ஸுக்கு ஒரு பெரிய தட்டு, இரண்டு சின்னத் தட்டு. ஒத்திகையில் கேரல் பிசகாமல் ஆடினாள். ஸ்வர்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை, அன்றைக்கே பட்டியை இயக்கும் புரோகிராமை ஊருக்கெல்லாம் இணையத்தில் போட்டுவிட்டாள்.

கல்யாண வரவேற்பு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்ச் ஹாலில். அடுகோடிக் கூட்டமும் வந்திருந்தது. சும்மா வருவார்களா? நரேஷின் கோட்டு முதுகில் வட்டமாக விளக்குகள், ஹரிஷின் குர்தா முதுகில் ஒரு மயில், மகாவின் ஜாக்கெட் முதுகில் தாமரை. பாக்கெட் ரிமோட்டை அழுத்தினால் மின்னும் என்று நரேஷ் வந்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

வால்ட்ஸ் ஆரம்பிக்கச் சற்று முன்னால் ரெமிஜியஸ் வந்தார். கேரலின் தாய்மாமா, மலை மாதிரி மனிதர். மருமகளைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கி இறக்கினார். பட்டிக்குள் மின்சாரம் ஓடும் நூல் அந்தப் பாசத்தில் அறுந்தது.

பேண்டு வாசிக்கத் தொடங்கியது. ஹாலின் நடுவே நின்ற கேரல் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்வர்ணாவைப் பார்த்து, தட்டவில்லை என்று தலையை ஆட்டினாள். நீல் மெல்லத் தோள் பக்கம் கையைக் கொண்டுபோக, கேரல் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். சொந்தங்களின் முகங்களில் அந்த 'ஐயோ பாவம்' வந்து உட்கார ஆரம்பித்தது.

"ஸ்வர்ணா, என் கோட்டுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று நரேஷ் ஓடி வந்தான். "ரிமோட்டையே தொடல, தானா மின்னுதுன்னு சொல்றாங்க. இரு, ஆஃப் பண்ணிடறேன்."

ஸ்வர்ணா அவன் முதுகைப் பார்த்தாள். ஒரு பெரிய மின்னல், இரண்டு சின்னது. மகாவின் தாமரையும் ஹரிஷின் மயிலும் அதே கணக்கில் மின்னின. மூன்று பேரும் அவளுடைய புரோகிராமைத்தான் எடுத்து, மோட்டாருக்குப் பதில் விளக்கை மாட்டியிருக்கிறார்கள். ரேடியோ சேனல் எண்ணை மாற்றிக்கொள்ளவும் என்று அதன் முதல் வரியிலேயே அவள் எழுதியிருந்தாள். ஓசியில் வந்ததற்கு முதல் வரியை யார் படிக்கிறார்கள்? டிரம்ஸ் பக்கத்துப் பெட்டி அனுப்பிய தாளம் அதே சேனலில் மூன்று முதுகுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

"கை வெச்சே, கொன்னுடுவேன்," என்றாள் ஸ்வர்ணா. "திரும்பாத. அப்படியே நில்லு."

அதற்குள் கேரலே கண்டுகொண்டாள். நரேஷின் முதுகைப் பார்த்தபடி அவள் உதடு எண்ணியது. சட்டென்று நீலின் கையைப் பற்றிக் காலை எடுத்து வைத்தாள். சரியாக வைத்தாள். ஆனால் அரைச் சுற்று திரும்பியதும் நரேஷ் மறைந்துபோனான், அவள் கால் தயங்கியது.

ஸ்வர்ணா மகாவை எதிர்ச்சுவருக்குத் துரத்தினாள், ஹரிஷை மேடைப் பக்கம் தள்ளினாள். "முதுகைக் காட்டி நில்லுங்க. திரும்பிப் பாத்தா தொலைஞ்சீங்க."

இப்போது கேரல் எந்தப் பக்கம் சுழன்றாலும் அங்கே ஒரு முதுகு தாளம் போட்டது. அவள் தலை நிமிர்ந்தது, கவுன் விரிந்தது, இப்போது நீல்தான் அவள் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினான். மூன்று பேர் கல்யாணத்துக்கு வந்து வெறும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பு வந்தது, கேரலைப் பார்த்து அழுகை வந்தது, இரண்டையும் ஒரே கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டாள்.

ஒரு சுற்று முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒரு ஜோடி ஆட இறங்கியது, பின்னாலேயே இன்னொன்று. சற்று நேரத்தில் நிற்க இடமில்லை. ரெமிஜியஸும் மனைவியை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டே சுற்றில் கேரலை நன்றாக இடித்தார்.

"மாமா, தாளம் தப்புது," என்றாள் கேரல். "அதோ, அந்த நரேஷ் முதுகைப் பாத்து ஆடுங்க."

ரெமிஜியஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நரேஷின் முதுகைத் தேடினார்.